மரக்கன்றும் மண்ணுரிமையும்

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் எமது பாடசாலைகளில் ஒரு சடங்கு நடைபெறுகின்றது. உலகச் சுற்றாடல் தினம் என்பது அதன் பெயர். அதிபர் பேசுவார், அதிகாரி பேசுவார், கட்டுரைப் போட்டியில் வென்றோர்க்குப் பரிசில் வழங்கப்படும். ஈற்றில் மாணவர் கையில் ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்து, இயற்கையைக் காப்பது இளைஞரின் தலையாய கடமை என்று உபதேசித்துச் சபை கலையும். மரம் நடுவதைக் குறைகூற நாம் வரவில்லை. நாம் எழுப்புவது ஒரு சிறிய வினாவே. கன்றைப் பெற்ற மாணவன் மாத்தளை மாவட்டத்து எல்கடுவையிலோ ரத்தோட்டையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவனாயின், அதனை அவன் எங்கே நடுவான்? லயத்தின் முற்றம் அவனுக்குச் சொந்தமன்று. பின்புறத்துக் காய்கறிப் பாத்தியும் சொந்தமன்று. அவனுடைய பாட்டன் புதையுண்டு கிடக்கும் ஆறடி நிலமும் சொந்தமன்று. மண்ணே இல்லாதவன் கையில் மரத்தைக் கொடுத்து, 'நட்டு வளர்ப்பாயாக' என்று கட்டளையிடும் விசித்திரத்தைக் கண்டு சிரிப்பதா, சினங்கொள்வதா?

சினங்கொள்வதே தகும் என்பது எமது கருத்து. ஏனெனில், இச்சடங்கு வெறும் அறியாமையால் நிகழ்வதன்று. சுற்றாடல் என்னும் சொல்லிலிருந்து நிலம், நீர், உழைப்பு, அதிகாரம் ஆகிய அனைத்தையும் உருவி எறிந்துவிட்டு, எஞ்சிய பச்சை நிறத்தை மட்டும் இளைஞர் கையில் கொடுப்பதே இதன் பயனாக இருக்கின்றது. குப்பை பொறுக்கவும், சுவரொட்டி வரையவும், கன்று நடவும் இளைஞரை அழைப்போர், காடு எவரால் அழிந்தது, நச்சுநீர் எவர் கிணற்றில் கலக்கின்றது, மலை சரியும்போது எவர் தலையில் சரிகின்றது என்று அவ்விளைஞர் வினவத் தொடங்கியவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வர். இவ்வினாக்களுக்கு ஒரு பெயருண்டு. சுற்றாடல் நீதி என்பது அது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் என்னும் கறுப்பு மக்கள் வாழும் ஏழை மாவட்டத்தில், நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைக்க அரசு முற்பட்டது. மக்கள் வீதியில் படுத்து லொறிகளை மறித்தனர்; ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். புதைகுழியை அவர்களால் அன்று தடுக்க இயலவில்லை. ஆயினும், செல்வர் வீட்டுக் கழிவு ஏழையின் வாசலுக்கே ஏன் வருகின்றது என்ற வினாவை அவர்கள் உலகின் முன் வைத்தனர். அந்த வினாவையே நாம் மாத்தளை மலைகளின் முன்னும் வைக்கின்றோம்.

முதலாவதாக, காட்டை அழித்தது யார் என்பதைப் பார்ப்போம். தோட்டத்து மக்கள் விறகு பொறுக்கியும், கிராமத்து மக்கள் சேனை வெட்டியும் காட்டை அழிக்கின்றனர் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. வரலாறு வேறு கதை சொல்லுகின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், உறுதி காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன எனப் பிரித்தானிய ஆட்சி அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்டி நாட்டுக் குடியானவன் மாடு மேய்த்த மேய்ச்சல் நிலமும், சேனை செய்த காடும் ஒரே நாளில் அவனுடையன அல்லவாயின. அக்காலத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆட்சியை நடத்திய அதிகாரிகளே பலர். வாங்கிய காட்டை வெட்டிக் குவித்து எரித்து, எரிந்த சாம்பலில் கோப்பியை நட்டனர். காடு அழிந்தது இவ்வாறே. விறகு பொறுக்கிய கிழவியின் தலைச்சுமையால் அன்று.

காடிழந்த குடியானவன் சும்மா இருக்கவில்லை. 1848ஆம் ஆண்டில் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று சுமைமேற் சுமை ஏற்றப்பட்டபோது மாத்தளை கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். வீர புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். நிலத்தைப் பறித்ததும் வரியைச் சுமத்தியதும் ஒரே கையே என்பதை அம்மக்கள் எந்த நூலையும் படித்து அறிந்துகொள்ளவில்லை, வாழ்ந்தே அறிந்தனர்.

அதே காலத்தில், அதே மாத்தளைக்கு, வேறொரு மக்கட் கூட்டமும் வந்துகொண்டிருந்தது. தமிழகத்துப் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிய ஏழைகள், கங்காணியின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் எண்ணற்றோர். எரிந்த காட்டில் கோப்பியை நட்டது அவர்களின் கையே எனினும், எரிக்கச் சொன்ன வாய் அவர்களுடையதன்று. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. முதலாளி தேயிலைக்கு மாறினான். தொழிலாளியோ கோப்பிக் காலத்து லயத்திலிருந்து தேயிலைக் காலத்து லயத்துக்கு மாறினான். அவ்வளவே மாற்றம். சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவனைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது. எஞ்சிய குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. குடியுரிமை வந்தது, காணி உரிமை இன்னும் முழுமையாக வரவில்லை.

இவ்விரு வரலாறுகளையும் நாம் அடுத்தடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. காடிழந்த சிங்களக் குடியானவனின் பேரனும், அக்காட்டில் உழைத்து எதையும் பெறாத தமிழ்த் தொழிலாளியின் பேத்தியும் இன்று ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழ்கின்றனர். 'உன் நிலத்தைப் பறித்தவன் அவன்' என்று ஒருவனுக்கும், 'உன் உரிமையைத் தடுப்பவன் இவன்' என்று மற்றவளுக்கும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றது. நிலத்தைப் பறித்த சட்டமும், அதனை ஆண்ட கம்பெனியும் இப்போதனையில் இடம்பெறுவதில்லை. சுற்றாடல் நீதி கேட்டு எழும் இளைஞர் முதன்முதலாக உடைக்க வேண்டியது இந்தப் பொய்யையே.

இனி, மலை எவர் தலையில் சரிகின்றது என்பதைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் 'தித்வா' என்னும் சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனோர் பலர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்களில் மண்சரிவே பெருங் கொலையாளி ஆயிற்று. நேரடிச் சேதம் 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. இதனை இயற்கையின் சீற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. இயற்கையின் பங்கை நாம் மறுக்கவில்லை. காற்று ஒரு பாகை வெப்பமேறினால் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியாக நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். கடல் சூடேற மழை பெருக்கும். ஆனால், அக்கடலைச் சூடேற்றிய புகை எல்கடுவை லயத்து அடுப்பிலிருந்து எழுந்ததன்று.

மழை எல்லோர்க்கும் பொதுவாகப் பெய்தது. மலை எல்லோர்மீதும் பொதுவாகச் சரியவில்லை. செங்குத்தான சரிவில் ஆழ வேரோடிய மரங்கள் அகற்றப்பட்டு, ஆண்டுதோறும் வெட்டிச் சீர்செய்ய வேண்டிய கான்கள் ஆட்செலவை மிச்சப்படுத்தும் பொருட்டுத் தூர்ந்துபோக விடப்பட்டால், ஓட வேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்துகள்களிடையே அழுத்தத்தைப் பெருக்க, பாறைமீது ஒட்டிக் கிடந்த மண் பிடியிழந்து வழுக்கும். இது மூடமந்திரமன்று; கான் வெட்டிய எந்தத் தொழிலாளியும் அறிந்த உண்மை. அச்சரிவின் அடியில் லயம் கட்டும்படி அதில் வாழ்வோர் எவரும் கேட்டதில்லை. தமக்கு ஆபத்தில்லாத வேறோர் இடத்தில் வீடமைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 1992ஆம் ஆண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் நிருவாகத்துக்கு ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கும் விடப்பட்டபோது, குத்தகைக்குப் போன நிலத்தின் மீதே மக்களும் இருந்தனர். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவைப் பெருந்தோட்டக் கம்பெனி ஆகிய மூன்றும் அரசின் கையிலேயே உள்ளன. அங்கும் லயம் லயமாகவே இருக்கின்றது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற வாக்குறுதி பல தேர்தல்களைக் கண்டுவிட்டது.

முன்னெச்சரிக்கை இல்லாமையே காரணம் என்பாருக்கு 2014ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. நிலமற்றவனுக்கு எச்சரிக்கை என்பது மரண அறிவித்தலின் முற்பிரதியே அன்றி வேறென்ன? தித்வாவின்போதோ, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் முழுமையாக வந்து சேரவில்லை என்னும் குறையும் பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதலாகத் தமிழும் அரசகரும மொழி. ஆயினும் மண் சரியும் இரவில் அந்த உரிமை உறங்கிவிடுகின்றது. வெள்ளம் வடிந்தபின், வடக்கிற்கு வந்து குடியேறுங்கள் என்ற அழைப்பும் எழுந்தது. அழைத்தோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், இரு நூற்றாண்டுகளாக உழைத்த மலையிலேயே ஆபத்தற்ற நிலம் ஏராளமாகக் கம்பெனியின் கையில் இருக்க, உழைத்தவன் ஏன் மலையை விட்டுப் போதல் வேண்டும்?

நீரைப் பற்றியும் சில சொற்கள். மாத்தளை நீருக்கு வறுமைப்பட்ட மாவட்டமன்று. தும்பறை மலைகள் என்றும் நக்கிள்ஸ் என்றும் வழங்கும் மலைத்தொடர் கண்டி, மாத்தளை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. 2000ஆம் ஆண்டில் காப்புக் காடாக அறிவிக்கப்பட்ட அதன் பகுதி, மத்திய மலைநாட்டின் அங்கமாக 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிற்று. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்கு வந்து, 1976ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்து, வடக்கேயுள்ள வயல்களுக்குச் செல்கின்றது. அம்பன் கங்கையில் மொறகஹகந்தை, லக்கலையில் களுகங்கை என இரு பெருநீர்த்தேக்கங்கள் அண்மைக் காலத்தில் எழுந்தன. பழைய லக்கலை - பல்லேகம நகர் நீருள் மூழ்கிற்று. வறண்ட நாட்டு உழவனுக்கு நீர் போவதை நாம் எதிர்க்கவில்லை, அவனும் எம்மவனே. ஆயின், ஊரும் வயலும் இழந்து புதிய இடத்திற் குடியேறியோரின் பிள்ளைகள் இழப்பின் கணக்கைக் கேட்பின் அது அபிவிருத்திக்கு விரோதமாகுமா? நாட்டுக்கு நீர் கொடுக்கும் மலையில் வாழும் பெண் விடியுமுன் பீலிக்கரையில் குடத்துடன் வரிசையில் நிற்பது எந்த அபிவிருத்தியின் இலக்கணம்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடந்தராமல் இருந்தது. பாதையும் குடிநீரும் குப்பை அகற்றலும் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றன. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். திருத்தம் ஏட்டில் வந்தது; குழாயில் நீராக வருவதைக் கேட்டுப் பெறுவது இன்றைய தலைமுறையின் வேலை.

இங்கே எமது முகாமைச் சேர்ந்த நண்பர் சிலர் குறுக்கிடுவர். "சுற்றாடல் என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு, தொழிலாளிக்கு முதலில் சம்பளம், பிறகுதான் மரமும் மானும்" என்பது அவர்கள் வாதம். இவர்களோடு எமக்குள்ள வேற்றுமையை மறைக்க விரும்பவில்லை. சம்பளப் போராட்டம் முதன்மையானது என்பதில் இரு கருத்தில்லை. ஆனால், சம்பளத்தை உண்டு வாழும் உடலை நச்சு மருந்து அரிக்குமாயின், வாங்கிய சம்பளம் வைத்தியசாலைக்கே போகுமாயின், ஓர் இரவில் வீடும் பிள்ளையும் மண்ணுள் போகுமாயின், அச்சம்பளம் எதற்கு? மருந்து தெளிப்பவனுக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்பது தொழிற்சங்கக் கோரிக்கையா, சுற்றாடல் கோரிக்கையா? கான் வெட்டப் போதிய ஆள் போடு என்பது எந்தக் கோரிக்கை? இரண்டும் ஒன்றே. இவற்றைப் பிரித்தவர்கள் கம்பெனிக்காரர்களே. அந்தப் பிரிவினையை நாமும் ஏற்றுக்கொண்டு, பாதிக் கோரிக்கையைக் கன்று வழங்குவோர் கையில் விட்டுவிட்டோம்.

இத்தீவின் அனுபவமே எமக்குச் சான்று. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பெனியின் கூட்டு முயற்சிக்குக் கொடுக்க அரசு முனைந்தபோது, நிலத்தை இழக்கவிருந்த உழவர்கள் எழுந்தனர். 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து யாழ்ப்பாணத்துக் கிணறுகள் கெட்டன. 2019ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தூய நீருக்கான மக்களின் உரிமையை வலியுறுத்தி, கம்பெனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாம் நாள், கம்பஹா மாவட்டத்து ரத்துபஸ்வலையில் தூய குடிநீர் கேட்டு வீதிக்கு வந்தோர்மீது இராணுவம் சுட்டதில் மூவர் மாண்டனர். மாண்டவருள் பள்ளி மாணவன் ஒருவனும் இருந்தான். கடலுக்கு அப்பால் தூத்துக்குடியில் 2018ஆம் ஆண்டு மே மாதம் செம்பு உருக்காலைக்கு எதிராக எழுந்தோருள் 13 பேர் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையாயினர். அவர்களுள் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த மாணவியும் ஒருத்தி. இவர்களில் எவர் வயிறு நிறைந்த பொழுதுபோக்காளர்? நீருக்காகக் குண்டை ஏற்றவர்களைப் பார்த்து இது மேட்டுக்குடியின் கவலை என்று கூற எவருக்கு நா எழும்?

இளைஞர் படிக்கட்டும், இவற்றையெல்லாம் பெரியோர் பார்த்துக்கொள்வர் என்பது இன்னொரு வாதம். பெரியோர் பார்த்துக்கொண்ட இலட்சணத்தை மேலே கூறினோம். 2019ஆம் ஆண்டில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் 27 பேர், கடலில் மூழ்கிவரும் தமது தீவுகளின் பொருட்டு உலக நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டுவோம் என்று புறப்பட்டனர். கேட்டோர் நகைத்திருக்கக்கூடும். வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு நாடு அவர்கள் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனை நிறைவேற்றியது. 2025 ஜூலை 23ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் இழப்பீடு செய்யும் பொறுப்பும் எழலாம் என்றும் ஏகமனதாகக் கருத்துரைத்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 16 சிறுவரும் இளைஞரும் தம் மாநில அரசின் மீதே வழக்குத் தொடுத்து 2023 ஆகஸ்டில் வென்றனர். மறு ஆண்டில் அம்மாநில உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இவர்கள் படிப்பை விட்டவர்கள் அல்லர். படித்ததைத் தம் மக்களுக்காகப் பயன்படுத்தியவர்கள்.

உண்மை என்னவெனில், இளைஞர் எழுவதை இந்நாட்டின் ஆட்சியாளர் எக்காலத்தும் அஞ்சியே வந்துள்ளனர். 1971லும் 1987 முதல் 1989 வரையிலும் கிளர்ந்த சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை எக்காலத்தன என்ற சர்ச்சை எழுந்தது. ஆயினும் மாத்தளைத் தாய்மார் பலரின் நெஞ்சில் எழுந்த வினா எதுவென்று அனைவரும் அறிவர். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞருக்கு நேர்ந்ததைச் சொல்லி மாளாது. இத்தகைய நாட்டில் இளைஞரை மரக்கன்றோடு நிறுத்திவைப்பது ஆட்சியாளருக்கு எவ்வளவு வசதியானது! ஆயினும் 2022ஆம் ஆண்டில் காலிமுகத் திடலில் மூவினத்து இளைஞரும் ஒன்றுகூடி நின்றதையும், 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி, முன்னோர் வந்த வழியே நடந்து ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியதையும் நாம் கண்டோம். நிலமும் வீடும் சம உரிமையும் வேண்டுமென்று நடந்த அந்தக் கால்களை எந்தச் சடங்காலும் இனிக் கட்டிவைத்தல் இயலாது.

ஆகவே, செய்ய வேண்டியதென்ன? கோஷம் போதாது, வேலை வேண்டும். மலைநாட்டு மண்சரிவு அபாய வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. தம் தோட்டமும் தம் கிராமமும் அவற்றில் எந்நிறத்தில் இருக்கின்றன என்பதை ஒவ்வோர் ஊரின் இளைஞரும் அறிதல் வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரானால் ஆயத்தம், 150 மில்லிமீற்றரானால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனம் கொண்டுள்ள அளவு. நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும், மழையை அளக்க. சுவரில் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றைத் திகதியிட்டுக் குறித்து வைத்தால், நாளை எந்த அதிகாரியும் 'எமக்குத் தெரியாது' என்று கூற முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எமது கையில் உள்ளது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுள் முடிவு சொல்லப்பட வேண்டும். எந்த லயங்கள் அபாயமானவை என்று அறிக்கை எழுதப்பட்டது, அவ்வறிக்கை எவர் மேசையில் உறங்குகின்றது, கல் உடைக்கும் குவாரிக்கும் மணல் அகழ்வுக்கும் எந்நிபந்தனையில் அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேட்கட்டும். பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படுகின்றது. அம்முப்பது நாளும் வாளாவிருந்துவிட்டு முப்பத்தோராம் நாள் முழங்குவதிற் பயனில்லை.

இவ்வேலையைத் தோட்டத்து இளைஞர் தனித்துச் செய்தல் இயலாது, செய்யவும் கூடாது. தோட்டம் வேறு, கிராமம் வேறு என்ற வேலி அந்நியன் போட்டது. மேலே தோட்டத்தில் தூர்ந்த கான் கீழே சிங்கள உழவனின் வயலில் சேறாய் இறங்குகின்றது. சுதுகங்கையில் கலக்கும் கழிவை முஸ்லிம் வணிகனின் குழந்தையும் குடிக்கின்றது. ரத்தோட்டையின் தமிழ் மாணவியும் நாவுலையின் சிங்கள மாணவனும் உக்குவளையின் முஸ்லிம் மாணவனும் ஒரே மழைக் கணக்கேட்டில் கையெழுத்திடும் நாள், 1848ஆம் ஆண்டிற்குப் பின் மாத்தளை கண்ட பெருநாளாக அமையும்.

எழுத்தாளருக்கும் இதில் ஒரு பங்குண்டு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது எமது பழமொழி. எமது கவிதையிலும் கதையிலும் மலை நெடுங்காலம் தூரத்துப் பச்சையாகவே இருந்து வந்தது. பனி படர்ந்தது, அருவி பாடியது, கொழுந்து பறிக்கும் பெண் கூடையோடு நின்று ஓவியமானாள். மலையகத்தினின்றே எழுந்த எழுத்தாளர், மாத்தளை எழுத்தாளர் உட்பட, அப்பச்சையின் அடியிலிருந்த குருதியைக் காட்டினர். அப்பணி முடிந்துவிடவில்லை. வெடித்த சுவரைப் பற்றியும், கிடைக்காத உறுதியைப் பற்றியும், மழையிரவில் விழித்திருக்கும் தாயைப் பற்றியும் எழுதப்படாத இலக்கியம், மலையழகை எத்துணை இனிமையாய்ப் பாடினும் பொய்யிலக்கியமே.

அரசுக்கும் கம்பெனிக்கும் எமது கோரிக்கை சுருக்கமானது. ஒவ்வொரு லயத்தின் மண்ணும் ஆராயப்பட்டு, முடிவு அங்கு வாழ்வோரின் மொழியில் அவர்கள் கையில் கொடுக்கப்படல் வேண்டும். ஆபத்தான லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அம்மலையிலேயே ஆபத்தற்ற நிலமும், குடும்பத் தலைவியின் பெயரும் பொறித்த காணி உறுதியும் வழங்கப்படல் வேண்டும். காட்டையும் நீரையும் பற்றி முடிவெடுக்கும் மேசையில், மரம் நடும் விழாவுக்கு அழைக்கப்படும் அதே இளைஞருக்கு இடமும் வாக்கும் இருத்தல் வேண்டும். அரசு சுற்றாடலைக் காக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையும், இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்று 28ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. கடமை எல்லோர்க்கும் என்றால் அதிகாரமும் எல்லோர்க்கும் ஆதல் வேண்டும்.

மாத்தளையின் இளைஞரே! ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழை மீண்டும் இம்மலைகளில் இறங்கும். அதற்கு முன் உங்கள் லயத்தின் பின்புறத்து மண்மேட்டை அளந்து குறித்து, அயற்கிராமத்துத் தோழரையும் அழைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தின் வாசலில் விண்ணப்பத்தோடு நில்லுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். உங்கள் அருகில் நாமும் நிற்போம்.